இடம் கொடுத்தால் போதுமா?

செஞ்சிக் கோட்டையைத் தொடாமல் எங்கள் ஊர் மாணவி எவளும் கட்டுரை எழுதுவதில்லை என்று எங்கள் தமிழம்மா கேலி செய்வதுண்டு. நாங்களும் அங்கிருந்தே தொடங்குகிறோம். காரணம் இருக்கிறது.

2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் மராட்டியர் காலத்துப் போர்க் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் 11 கோட்டைகள் மகாராட்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. அந்தச் செய்தி கேட்டு நாம் அடைந்த பெருமைக்கு அளவில்லை. ஆனால் அந்தக் கோட்டை நமக்குச் சொல்லும் பாடம் ஒன்றுண்டு. நாயக்கர்கள் அங்கே ஆண்டார்கள். 1649இல் பீஜப்பூர்ப் படை வந்தது. 1677இல் சிவாஜி கைப்பற்றினார். 1698இல் முகலாயர் வசமாயிற்று. 1750இல் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் பிடித்தார்கள். தமிழ், தெலுங்கு, மராத்தி, பாரசீகம், உருது, பிரெஞ்சு, ஆங்கிலம் என்று எத்தனை மொழிகளை அந்த மதில்கள் கேட்டிருக்கும்! இன்றும் எங்கள் வகுப்பிலேயே வீட்டில் உருது பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். தெலுங்கு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இத்தனை மொழிகளைக் கண்ட ஊரில், ஒரு மொழி தெரியாத காரணத்தால் ஒரு சிறுமிக்கு இடமில்லாமற் போயிற்று. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் ஆறாம் வகுப்புப் படித்தபோது, பள்ளி திறந்து ஒரு மாதம் கழித்து ஒரு பெண் எங்கள் வகுப்பில் வந்து சேர்ந்தாள். அவளுடைய தந்தை ஒடிசாவிலிருந்து இங்கே அரிசி ஆலை வேலைக்கு வந்தவர். அவளுக்குத் தமிழ் தெரியாது. வகுப்பாசிரியை அவளைக் கடைசிப் பெஞ்சில் உட்கார வைத்தார். அங்கேதான் இடம் இருந்தது. பெயர் கூப்பிடும்போது "உள்ளேன் அம்மா" என்று சொல்ல மட்டும் இரண்டு நாளில் கற்றுக்கொண்டாள். அதன் பிறகு மாலை வரை அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராது. கரும்பலகையில் பெருக்கல் கணக்குப் போட்டால் எங்களுக்கு முன்பே விடை எழுதிவிடுவாள். அதே கணக்கை, "ஒரு கடைக்காரர் ஒரு கூடை மாம்பழம் வாங்கினார்" என்று வாக்கியமாகக் கொடுத்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவாள்.

காலாண்டுத் தேர்வு வந்தது. விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது அவளுடைய தாளை நாங்கள் வாங்கிப் பார்த்தோம். விடையென்று ஒரு வரியும் இல்லை. வினாத்தாளில் இருந்த வினாக்களை எல்லாம், முதல் வினாவிலிருந்து கடைசி வினா வரை, ஓர் எழுத்தும் தவறாமல் அழகாகப் பார்த்து எழுதி வைத்திருந்தாள். கோலம் போடுகிறவள் புள்ளி பார்த்துக் கோடு இழுப்பதுபோல் எழுதியிருந்தாள். அந்தத் தாள் பெஞ்சுக்குப் பெஞ்சு கைமாறியது. நாங்கள் சிரித்தோம். அவளும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள், எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே.

அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு அவள் வரவில்லை. ஆலைக் குடியிருப்பில் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். ஒருவரும் விசாரிக்கவில்லை. நாங்களும் மறந்துவிட்டோம்.

இந்த ஆண்டுதான் மறுபடி அவளை நினைத்துக்கொண்டோம். மேற்படிப்பு வழிகாட்டு நிகழ்ச்சி ஒன்றுக்காக எங்களை வெளியூர்க் கல்லூரி ஒன்றுக்கு அழைத்துச் சென்றார்கள். ஒரு மணி நேரம் ஒருவர் ஆங்கிலத்தில் மட்டுமே பேசினார். தமிழ் வழியில் படித்த எங்களில் பலருக்கு நாலு சொல் புரிந்தது; நாற்பது சொல் புரியவில்லை. மற்றவர்கள் கைதட்டியபோது நாங்களும் கைதட்டினோம். மற்றவர்கள் சிரித்தபோது நாங்களும் சிரித்தோம். "ஏதேனும் ஐயம் உண்டா?" என்று கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டோம். பேருந்தில் திரும்பி வரும்போது எங்களில் ஒருத்தி, "அந்த ஒடியாப் பெண்ணும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள், இல்லையா?" என்றாள். செஞ்சி வரும் வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எங்களுக்கு அது ஒரு மணி நேரம். அவளுக்கு அது அரை ஆண்டு.

தோழியரே, பள்ளி ஒரு மாணவியைச் சேர்த்துக்கொண்டு, பெஞ்சில் இடம் கொடுத்து, புத்தகமும் கொடுத்துவிட்டால் அதன் கடமை முடிந்துவிடுகிறதா? முடியவில்லை என்பதே எங்கள் கருத்து. பாடம் எந்த மொழியில் நடக்கிறதோ அந்த மொழியை அவளுக்குக் கொடுப்பதும் பள்ளியின் கடமையே. அதைச் செய்யாவிட்டால் அவளைச் சேர்த்துக்கொண்டோம் என்று சொல்வது பெயரளவுக்குத்தான்.

இது எங்கள் கற்பனையன்று. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் இதே கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. அங்கே ஆங்கிலம் தெரியாத சீன மாணவர்களில் சுமார் 1,800 பேருக்குத் தனிப் பயிற்சி எதுவும் தரப்படவில்லை. "எல்லோருக்கும் ஒரே ஆசிரியர், ஒரே புத்தகம், இதில் என்ன குறை?" என்றது பள்ளி நிர்வாகம். 1974இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நீதிபதிகள் அனைவரும் ஒருமித்த தீர்ப்பு வழங்கியது. மொழி புரியாத பிள்ளைக்கு மற்றவர்களுக்குக் கொடுத்த அதே புத்தகத்தைக் கொடுப்பது சமத்துவம் ஆகாது. அந்தக் குறையைப் போக்கப் பள்ளி ஏதேனும் செய்தே தீரவேண்டும் என்பது அதன் சாரம். லாவ் என்ற சீனச் சிறுவனின் பெயரால் அவ்வழக்கு இன்றும் அறியப்படுகிறது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 1956இல் நம் அரசியலமைப்பில் 350-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயலவேண்டும் என்கிறது அப்பிரிவு. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும், இயன்ற அளவு தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்கவேண்டும் என்று கூறுகிறது. பள்ளியிலேயே சேராத பிள்ளையையும், இடையில் நின்ற பிள்ளையையும் அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களோடு சமமாக வரச் சிறப்புப் பயிற்சி தரவேண்டும் என்றும் கூறுகிறது.

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியானால் நம்மைப் போன்ற பள்ளிகளுக்குக் கடமை இல்லையா? இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு, மதச் சிறுபான்மையினரும் மொழிச் சிறுபான்மையினரும் தங்கள் பள்ளிகளைத் தாங்களே நடத்தும் உரிமையைத் தந்திருக்கிறது. அந்த உரிமையின் நிழலில் நடக்கும் ஒரு பள்ளி, தன் வகுப்பறையின் கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் சிறுபான்மையை மறக்கலாமா? சட்டம் கட்டாயப்படுத்தாத நன்மையைச் செய்வதற்கல்லவா நம் அருட்சகோதரியர் ஊரையும் உறவையும் விட்டு இங்கே வந்திருக்கிறார்கள்! அவர்களிலும் சிலர் வேறு மாநிலத்தில் பிறந்து, நம் மொழியைப் புதிதாகக் கற்று, இன்று நமக்கே பாடம் சொல்கிறார்கள். ஒரு மொழிக்குள் நுழைவது எவ்வளவு கடினம் என்பது அவர்களுக்குத் தெரியாததா?

வீரமாமுனிவரைப் பற்றி நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். இத்தாலியில் பிறந்த அவர் தமிழ் கற்று, தேம்பாவணி பாடினார். 1732இல் சதுரகராதி தொகுத்தார். அவரை வியந்து பேசும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். அவர் வளர்ந்த மனிதர்; கற்றறிந்தவர்; தமிழறிந்த புலவர்களிடம் பாடம் கேட்டவர். பதினொரு வயதுச் சிறுமி தானாகவே தமிழ் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும்போது, வீரமாமுனிவருக்கும் கிடைத்த ஓர் உதவியை அவளுக்கு மறுக்கிறோம் அல்லவா?

சிலர் சொல்வார்கள்: "தமிழ்நாட்டுக்கு வந்தால் தமிழ் கற்கத்தானே வேண்டும்? அவளுக்காக நாம் ஒடியா கற்க முடியுமா?" தமிழ் கற்கத்தான் வேண்டும், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்து தமிழைக் கட்டாயப் பாடமாக்கிப் படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை கொண்டுவந்தது. மொழிச் சிறுபான்மை மாணவர்கள் பொதுத் தேர்வில் தமிழ்த் தாள் எழுதுவதிலிருந்து நீதிமன்றங்கள் சில ஆண்டுகள் விலக்கும் அளித்தன. விலக்கு அளிப்பது ஓர் உதவிதான். ஆனால் விலக்குப் பெற்றவள் இந்த ஊரில் கடைப்பலகை படிக்க வேண்டாமா? மருத்துவரிடம் நோயைச் சொல்ல வேண்டாமா? நாளை வேலைக்குப் போகவேண்டாமா? ஆகவே தேர்வைக் கட்டாயமாக்கினால் கற்பித்தலையும் கட்டாயமாக்க வேண்டும். நீந்தத் தெரியாதவளைக் கிணற்றில் தள்ளுவதும் தவறு. "நீ கிணற்றுப் பக்கமே வராதே" என்பதும் தவறு. நீந்தக் கற்றுக்கொடுப்பதுதான் முறை.

வேறு சிலர், "இவர்கள் இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்கு வேறு ஊர் போவார்கள், இவர்களுக்காக எதற்கு இவ்வளவு பாடு?" என்பார்கள். போகிறவர்கள் அவர்கள் மட்டுமா? நம் பக்கத்து ஊர்களிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் பெங்களூருக்கும் கேரளத்திற்கும் கூலி வேலைக்குச் செல்கின்றன. அங்கே கன்னடமும் மலையாளமும் தெரியாமல் நம் தங்கை ஒருத்தி கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் நமக்கு எப்படி இருக்கும்? அவளுக்கு யாரேனும் ஒரு சொல் சொல்லிக் கொடுக்கமாட்டார்களா என்று ஏங்கமாட்டோமா?

கேரளத்தில் அப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பது மகிழ்ச்சியான செய்தி. எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017இல் 'ரோஷ்ணி' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. இந்தியும் வங்காளமும் ஒடியாவும் பேசும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு, வகுப்பு தொடங்கும் முன்பே, அவர்கள் மொழி அறிந்த தொண்டர்களைக் கொண்டு மலையாளம் கற்பித்தார்கள். அந்தப் பெண்ணின் சொந்த மாநிலமான ஒடிசாவிலும், பள்ளியின் மொழி புரியாமல் படிப்பை விட்ட பழங்குடிப் பிள்ளைகளுக்காக 10 பழங்குடி மொழிகளில் பாடநூல்கள் எழுதிப் பல ஆண்டுகளுக்கு முன்பே பள்ளிகளில் பயன்படுத்தத் தொடங்கினார்கள். முதலில் தாய்மொழியில் எழுதப் படிக்கக் கற்று, பிறகு மெல்ல மெல்ல ஒடியாவுக்கும் ஆங்கிலத்துக்கும் வருவது அந்த முறை. நம் தமிழக அரசும் வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக 2025இல் 'தமிழ் மொழி கற்போம்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. மனம் இருந்தால் வழி இருக்கிறது என்பதற்கு இவை சான்று.

"ஒரு வகுப்பில் ஐம்பது பேர், பாடம் முடிக்கவே நேரம் போதவில்லை. ஒருத்திக்காக எப்படி நிற்பது?" என்று ஆசிரியைகள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு மாணவியராகிய நாங்களே விடை சொல்ல விரும்புகிறோம். எல்லாச் சுமையையும் ஆசிரியையின் தலையில் ஏற்றவேண்டாம். நம் விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளி மூடிக் கிடந்ததால் பிள்ளைகள் இழந்த படிப்பை, ஊரில் இருந்த தன்னார்வலர்கள் மாலையில் ஒரு திண்ணையிலோ மரத்தடியிலோ உட்கார்ந்து மீட்டுக் கொடுத்தார்கள். ஊர் அக்காமார் செய்ததைப் பள்ளி அக்காமார் செய்யமுடியாதா?

எங்கள் யோசனைகள் இவை:

முதலாவது, தமிழ் தெரியாமல் வரும் மாணவியைக் கடைசிப் பெஞ்சில் உட்கார வைக்கவேண்டாம். முதல் பெஞ்சில், பொறுமையுள்ள ஒரு தோழியின் பக்கத்தில் இடம் கொடுக்கட்டும். சிறுமிக்குச் சிறுமி கற்றுக்கொடுக்கும் மொழி எளிதில் மறக்காது.

இரண்டாவது, ஒன்பதாம் பத்தாம் வகுப்பு மாணவியர் முறை வைத்துக்கொண்டு, பள்ளி விட்டபின் அரை மணி நேரம் அவளுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லித் தரலாம். "தண்ணீர் வேண்டும்", "எனக்குப் புரியவில்லை", "மறுபடி சொல்லுங்கள் அம்மா" என்ற மூன்று வாக்கியங்களை முதல் நாளே கற்பித்துவிட வேண்டும். "புரியவில்லை" என்று சொல்லத் தெரியாதவளுக்கு ஆசிரியை எப்படி உதவமுடியும்?

மூன்றாவது, முதல் ஆண்டில் கணக்கு, அறிவியல் தேர்வுகளின்போது வினாவை அவளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டி, எளிய சொல்லில் விளக்கலாம். அவளுக்குக் கணக்குத் தெரியுமா என்பதைச் சோதிக்கும் இடத்தில் தமிழைச் சோதித்து, கணக்கில் சுழியம் போடுவது நியாயமாகாது.

நான்காவது, பெற்றோர் கூட்டத்திற்கு அனுப்பும் அறிவிப்பை அவள் வீட்டில் யாராலும் படிக்க முடியாது. தாய் தந்தையரின் மொழி தெரிந்த ஒருவரைத் தேடி, வாய்மொழியாகச் செய்தி அனுப்பவேண்டும். நம் ஊரில் அப்படி ஒருவர் கிடைக்காமற் போகமாட்டார். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் வெளியூர் வியாபாரியிடம் பேரம் பேச நம்மவர்கள் எந்த மொழியையாவது பேசிச் சமாளித்துவிடுகிறார்கள். ஓர் ஆட்டை விற்க முடிகிற இடத்தில் ஒரு பெண்ணைப் படிக்கவைக்க முடியாதா?

ஐந்தாவது, மூன்று நாள் வராவிட்டால் யாரேனும் வீடு தேடிப் போகவேண்டும். அந்த ஒடியாப் பெண்ணுக்காக ஒருவர் போயிருந்தால் அவள் இன்று எங்களோடு பொதுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பாள்.

ஆறாவது, அவளுடைய மொழிக்கும் ஒரு நாள் மேடை கொடுக்கவேண்டும். 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் வங்காள மொழிக்காக மாணவர்கள் உயிர் நீத்தார்கள். அந்த நாளையே உலகத் தாய்மொழி நாளாக யுனெஸ்கோ 1999இல் அறிவித்தது. அன்றைக்கு நம் பள்ளி மேடையில் உருது, தெலுங்கு, இந்தி, ஒடியா, நரிக்குறவர்களின் வாக்ரிபோலி என்று யார் வீட்டில் என்ன மொழியோ, அந்த மொழியில் ஒரு பாட்டுப் பாடட்டும். வகுப்பில் ஊமையாக இருந்தவள் மேடையில் பாடுவதைக் கேட்டால், அவளுக்கும் குரல் உண்டு என்பது நமக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "தமிழ் தெரியாத பிள்ளையோடு சேர்ந்தால் நம் பிள்ளையின் படிப்புக் கெடும்" என்று எண்ணாதீர்கள். பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் பாடம் நமக்கே தெளிவாகிறது என்பதை ஒவ்வொரு மாணவியும் அறிவாள். மேலும், இன்று தமிழ் தெரியாதவளுக்கு நேர்வது நாளை ஆங்கிலம் தெரியாத உங்கள் மகளுக்கும் நேரும். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ் வழியில் தொடங்கியது உண்மைதான். ஆயினும் பெரும்பாலான கல்லூரிகளில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. முதலாண்டு வகுப்பில் ஒன்றும் புரியாமல் அழுத அக்காமார் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் அறிவில் குறைந்தவர்களா? இல்லை. கைகொடுக்க ஆளில்லாதவர்கள். தமிழில் பேசினால் அபராதம் வாங்கும் பள்ளிகளைப் பற்றியும் கேள்விப்படுகிறோம். அபராதத்தால் பிள்ளை ஆங்கிலம் கற்பதில்லை. வாயை மூடிக்கொள்ளத்தான் கற்கிறது.

பெந்தகோஸ்து நாளன்று நடந்ததை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். பல நாட்டிலிருந்து வந்து கூடியிருந்த மக்கள், சீடர்கள் பேசியதைத் தத்தம் மொழியிலேயே கேட்டு வியந்தார்கள். கேட்க வந்தவர்கள் முதலில் மொழி கற்றுக்கொண்டு வரட்டும் என்று அங்கே யாரும் காத்திருக்கவில்லை. சொல்லுகிறவர்கள் பக்கம்தான் கடமை வைக்கப்பட்டது. பள்ளிக்கும் அதுவே முறை என்று எண்ணுகிறோம்.

பொதுத் தேர்வு எழுதிவிட்டு நாங்கள் விடைபெறப் போகிறோம். போகும்போது எங்கள் பிழையையும் ஒப்புக்கொண்டு போகிறோம். அன்று அந்த விடைத்தாளைப் பார்த்துச் சிரித்தவர்கள் நாங்கள். வினாக்களை அப்படியே எழுதி வைத்திருந்தாளே, அவள் எங்களிடம் கேட்ட வினா அதுதான் என்று இப்போது புரிகிறது. அதற்கு எங்களால் விடை சொல்ல முடியவில்லை. வரும் ஜூன் மாதம் இன்னொரு சிறுமி, இன்னொரு மொழியோடு, இந்த வாயிலில் வந்து நிற்பாள். தங்கையரே, அவளுக்கு நீங்கள் விடை சொல்லுங்கள். அந்த அரை மணி வகுப்பை யாரேனும் தொடங்கினால், பள்ளியை விட்டுப் போனாலும் சனிக்கிழமைதோறும் வந்து உதவ எங்களில் ஐவர் பெயர் கொடுத்திருக்கிறோம்.

– பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி